ஒரு அங்குலக் கட்டை

அன்புள்ளவளுக்கு,

சியூ ஃபால்ஸில் உன் தங்கை வீட்டில் குளிர் தொடங்கியிருக்கும். ஏணியிலிருந்து விழுந்த என் தோள் ஆறிவிட்டது, ஆனால் கை முன்போல நீளவில்லை. சனிக்கிழமை ஃபெசன்ட் பறவை வேட்டை தொடங்குகிறது. அதனால் நேற்று அப்பாவின் பம்ப் துப்பாக்கியைச் சமையலறை மேசையில் வைத்து, தோளில் பதியும் கட்டையில் ஒரு அங்குலம் அறுத்தேன். அரை மணி நேர வேலை.

கல்யாணமான புதிதில் நீ கேட்டாய்: "எனக்கு இது நீளம், தோள்ல இடிக்குது. ஒரு அங்குலம் அறுத்துக் குடேன்."

"எங்கப்பா துப்பாக்கில ரம்பம் வைக்கவா? கைய நீட்டப் பழகுடி" என்றேன், வேட்டைக்கு வந்திருந்த எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே. அதன்பின் இருபத்திரண்டு வேட்டைப் பருவம் நீ பிக்கப் வண்டியிலேயே காப்பியோடு உட்கார்ந்திருந்தாய்.

இன்று பக்கத்துப் பண்ணை வெர்லின் வந்து துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தான்.

"அடப்பாவி, அறுத்துட்டியா! யாருக்குடா?"

"அவளுக்குத்தான்" என்றேன்.

"இப்பவாவது தோணுச்சே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான். என் கைக்காகத்தான் அறுத்தேன் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

இப்படிக்கு,
நீ கேட்டபோது அறுக்காதவன்