சிவனுவின் காலை மாத்திரை

ஐப்பசி 9, செவ்வாய்

சிவனுவுக்கு இன்னைக்கு வலிப்பு வரும்னு விடியக்காலையிலேயே குசினியில சமைக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். மலையில பனி இறங்குறதைப் பார்த்தே சொல்லிடுற நர்ஸ் பதுளையில நான் ஒருத்தன்தான்.

எங்க பராமரிப்பு இல்லத்துல சிவனுவுக்குத்தான் பேச்சே வராது. முப்பது வயசு. மாத்திரையை ரொட்டிக்குள்ள வச்சுக் கொடுக்கணும்.

சொன்னபடியே வலிப்பு வந்துச்சு. அது நின்னதும் டாக்டர் வந்து கேட்டார். "காலை மாத்திரையை முழுங்கினானா?"

"என் கண்ணு முன்னால முழுங்கினான் சார். வாயைத் திறந்தும் காட்டினான்."

"அப்ப அளவு பத்தல." கூட்டி எழுதிட்டுப் போனார்.

பின்னேரம் கூட்டின மாத்திரையை நானே கொடுத்தேன். ராத்திரியாகியும் அவன் இன்னும் எழும்பல. உலுக்கினா பாதிக் கண்ணு திறந்து என்னையே பார்க்குது.

டாக்டருக்குச் சொல்லணும். வாயைத் திறந்து காட்டினான்னது நானாச் சேர்த்தது. ரொட்டியை அவன் கையில கொடுத்துட்டு, வலிப்பு வரும்னு சொல்லத்தான் குசினிக்குப் போயிருந்தேன்.