உங்கள் கண்களைத் திறந்த மத்தியானம்

அக்கா,

இன்று காலை ராயப்பேட்டையில் என் பட்டறையில், ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த களிமண்ணைப் பிரித்தேன். வாசனை எழுந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

உங்களைச் சந்தித்த காலத்தில் அடையாறில் ஓர் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் ஆண்டு. சுற்றிலும் ஆய்வகங்கள், நடுவில் எங்கள் தகரக் கொட்டகை. யாரையாவது உட்காரவைத்து, பார்த்து முகம் செய்யச் சொன்னார்கள். சாந்தோம் கரையில் மீன் விற்ற உங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சும்மா குந்திகினு இருந்தா போதுமா? வேற வேலை இல்லியா உனக்கு?" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் வியாபாரம் முடித்துக் காலிக் கூடையோடு வந்து உட்கார்ந்தவர், பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனீர்கள். இருட்டோடு எழுந்து மீன் ஏலத்துக்குப் போன உங்களை எழுப்ப மனம் வரவில்லை. ஒரு வாரம் அப்படியே போனது. மின்விசிறி மெல்லச் சுற்றும். ஜன்னலோர வேப்பநிழல் உங்கள் கன்னத்தில் ஏறி இறங்கும். உங்கள் மூச்சு போன போக்கில் என் விரல்களும் போயின. விழித்திருக்கிறேனா என்றுகூடத் தெரியாத மத்தியானங்கள். கண்மூடிய முகம் ஒன்று மண்ணில் தானாகவே வந்து நின்றது.

"இனி இதைத் தொடாதே. நீ செய்ததிலேயே இதுதான் நல்லது," என்றார் பேராசிரியர்.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள்தான் நீங்கள் அதைப் பார்த்தீர்கள்.

"இன்னா பாப்பா, செத்தவ மாதிரி கீது. எங்க ஊட்டுக்காரரக் கடல்லேர்ந்து தூக்கியாந்து போட்டப்ப இப்டித்தான் கண்ண மூடிகினு இருந்தாரு."

இன்னொரு தடவை, தூங்காமல் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தீர்கள். அன்றுதான் உங்கள் கண்களை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கிப் பழகியவை. வலது கண் சற்றுச் சிறியது. மண்முகத்தின் இமைகளை வெட்டித் திறந்தேன். ஒரு கண் சரியாக அமையவேயில்லை. நீங்களோ எழுந்து வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி பார்ப்பதுபோல அதன் எதிரில் நின்றீர்கள்.

"இப்பத்தான் நானு."

மறுநாள் பேராசிரியர் என்னிடம் பேசவில்லை. மதிப்பெண் குறைந்தது. அந்த முகத்தைச் சூளையில் சுட்டு உங்களிடமே கொடுத்தேன்.

போன மாதம் உங்கள் மகள் போன் செய்து, நீங்கள் போய்விட்டதைச் சொன்னாள். வீட்டுக்குப் போனேன். டிவிக்குப் பக்கத்தில் அந்த முகம் இருந்தது. வாங்கிய மாலை பிரிக்காமல் பையிலேயே கிடந்தது.

"போட மனசே வரலக்கா," என்றாள். "அம்மா பாத்துகினே கீது."

இப்போதெல்லாம் யார் முகத்தைச் செய்தாலும், முடிக்குமுன் அவர்களையே அழைத்துக் காட்டுகிறேன். 'இது நான் இல்லை' என்று அவர்கள் சொன்னால், அடுத்த நாளும் வரச் சொல்கிறேன்.