சாயங்கால முகம்

ஜூன் 2

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தை எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. சாயங்காலம் போனை எடுப்பதில்லை என்று உனக்குக் கோபமாம். கடையில் வேலை தலைக்குமேல் இருக்கிறது. இனி எழுது, நானும் எழுதுகிறேன்.

மூன்றாவது டாக்டரையும் பார்த்தாகிவிட்டது. தலையை ஸ்கேன் எடுத்து, முட்டியில் சுத்தியலால் தட்டி, கடைசியில் ஒன்றும் இல்லையாம். "தனியா இருக்கீங்களாம்மா? மனசுல ஏதாவது கவலையா?" என்று கேட்கிறார். ஊசி இரண்டாகத் தெரிகிறது என்று சொன்னால் இப்படியா ஒரு கேள்வி! நானும் ஏனோதானோ என்று போகவில்லை. வழக்கம்போல முதல் நாளே கடையை மூடி, நன்றாகத் தூங்கி எழுந்து, தேய்த்த உடுப்போடு காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். தையல்காரியே கசங்கிப்போய் நின்றால் யார் மதிப்பார்கள்?

டாக்டர்கள் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தை

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். (பொய்தான்.)

கடையில் உங்களோடு தைக்கிற பெண்ணிடம் பேசினேன். அவளைத் திட்டாதீர்கள். இருட்டும் நேரத்தில் உங்கள் இமை பாதிக் கண்ணை மூடுகிறதாம், கத்தரிக்கோலைத் தூக்க முடியவில்லையாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்ததாமே! இதையெல்லாம் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

டிக்கெட் கவுன்டர் வேலையில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் போனும் கையுமாக இருந்தேன். நரம்பு டாக்டர்களிலும் பிரிவு பிரிவாக இருக்கிறார்கள். ஒரு இடத்தில் அடுத்த வருஷம் என்றார்கள், இன்னொரு இடத்தில் போனையே எடுக்கவில்லை. கடைசியில் நரம்பும் தசையும் சேருகிற இடத்து நோயை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டர் கிடைத்தார். அவருடைய உதவியாளர் முதலில் கேட்டதே, "எந்த நேரத்துல அதிகமாகுது?" என்றுதான். சாயங்காலம் என்றேன். "இதுக்கு முன்னாடி டாக்டருங்க எப்பப் பாத்தாங்க? ஓய்வெடுத்துட்டா போனாங்க?" எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

19ஆம் தேதி சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு ஓய்வு கூடாது. முழுநாளும் தைத்துவிட்டு அப்படியே போங்கள். நடுவில் மூச்சு வாங்கினாலோ சாப்பாடு இறங்காவிட்டாலோ, தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்கள்.

உங்கள் வாயாடி

ஜூன் 12

வாயாடிக்கு,

என் கடையிலேயே எனக்கு வேவு வைத்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது.

என் சாயங்கால முகத்தை நானே கண்ணாடியில் பார்ப்பதில்லை, உனக்குத் தெரியுமா? போன வாரம் கடைக்கு வந்த ஒருத்தி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "குடிச்சிருக்கியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அந்தக் கோலத்தோடு முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் உட்காரச் சொல்கிறாய்.

எல்லாவற்றையும் காட்டிய பிறகு இவரும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எனக்குப் பைத்தியம் என்றுதானே முடிவாகும்? நான் போகப்போவதில்லை. இதைப்பற்றி இனி எழுதாதே.

அத்தை

ஜூன் 15

அன்புள்ள அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

உங்களுக்குப் பைத்தியம் இல்லை, வீம்பு. அழகாகப் போய் மூன்று முறை வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள். ஒரு முறை அலங்கோலமாகத்தான் போங்களேன். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியவில்லை. எனக்கு லீவு தரமாட்டேன் என்கிறார்கள், இல்லையென்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். தண்ணீர் மூக்கில் வந்ததைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. தயவுசெய்து போங்கள், அத்தை.

வாயாடி

ஜூன் 20, காலை

என் கண்ணே,

போனேன். உடம்பெல்லாம் நூலும் பிசிறுமாகத்தான் போனேன்.

டாக்டர் ஒரு பெண். நான் குழறியதை அவசரப்படுத்தாமல் கேட்டாள். "மேல பாருங்கம்மா. அப்படியே பாத்துக்கிட்டே இருங்க" என்றாள். மற்றவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்க்கச் சொன்னதோடு சரி. பார்த்துக்கொண்டே இருந்தேன். இமை கொஞ்சம் கொஞ்சமாகக் கடை ஷட்டர் போல இறங்கியது. அதன்மேல் ஐஸ் பையை வைத்து எடுத்தாள், கண் திறந்துகொண்டது! "நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்மா" என்றாள். அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன்.

நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லையாம், அதனால்தான் உழைக்க உழைக்கச் சோர்ந்துபோகிறதாம். மருந்து இருக்கிறது. ஆனால் மூச்சுவிடுகிற தசையும் தளர்ந்திருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பாமல் நேரே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். இன்னும் நாள் கடத்தியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தேவைப்பட்டால் மூச்சுக்குக் குழாய் வைப்பார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

கூட இருக்க யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டாள். உன்னைச் சொன்னேன். என்ன உறவு என்றாள். மகள் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று மறுப்பதானால் நேரில் வந்து மறுத்துக்கொள்.

அத்தை