இருபத்தெட்டாவது மடிப்பு

மச்சான்,

பார்சலில் பேர் போடாவிட்டால் எனக்குத் தெரியாதா? ரோபோவாக மாறும் நம் பழைய பொம்மை லாரிதான், புது அவதாரத்தில்!

தீர்ப்பைக் கேள். பழையதற்கு முட்டி மடங்காது. இதற்கு விரல்கூட மடங்குகிறது. சிவப்பு மட்டும் கொஞ்சம் வெளிறல். பழையது ஆறே மடிப்பில் ரோபோவாகிவிடும், இதற்கு இருபத்தெட்டு! மூன்று நாள் போராடினேன். கடைசி மடிப்பு டக்கென்று விழுந்ததும் சபீஹா கத்தினாள்: "என்னங்க, வலது கையாலயா செஞ்சீங்க?"

ஆமாம்டா, இனி அசையாது என்று டாக்டர் சொன்ன அதே கைதான்!

மேடவாக்கத்தில் உன் பைக் சறுக்கியதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன். ஆறு மாதமாக நீ இரும்புலியூர் பக்கமே வராததைப் பற்றியும்தான்.

ஒரே குறை, இதைத் திரும்ப லாரியாக்க ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் மடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா. பைக்கிலேயே வா.

உன்
பின்சீட்டுக்காரன்