மாங்குயில் இருந்த திசை

அன்புள்ள பாப்பா,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. நம் தெருக்கோடி மருந்துக்கடைக்காரருக்குப் பறவை பார்க்கும் பைத்தியம் பிடித்து, போன சனிக்கிழமை காலை எங்களையும் சேர்த்து ஒன்பது பேரைப் பக்கத்துக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் பார்த்தது ஒரு காக்கை, அதுவும் தெருவிலிருந்தே எங்கள் கூட வந்தது. திடீரென்று அவர் கையைத் தூக்கி, "உஷ், மாங்குயில்" என்றார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு அண்ணாந்தார்கள், நானும் அண்ணாந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் நேராக என் முகத்துக்கு எதிரே வந்து, "எந்தப் பக்கம் கேக்குது சார்?" என்றார். முப்பது வருடம் சர்வேயராக இருந்தவன், திசை தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. விரல் போன பக்கம் காட்டினேன். அங்கே மஞ்சளாக அது உட்கார்ந்திருந்தது. எல்லோரும் என் காதைப் புகழ்ந்தார்கள்.

திரும்பும்போது அம்மா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், பொத்தான் தெறித்தது, ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போய் நின்றது. மணி அடித்தே கை ஓய்ந்தவர் போல, வந்தவர் இறங்கி, "காது கேக்காதா?" என்று கத்தினார். மருந்துக்கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது, "யாரப் பாத்து? மாங்குயிலையே காதால புடிச்சவருய்யா" என்றார். அம்மா அங்கேயே ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து, "எத்தனை நாளா?" என்று கேட்டாள். இரண்டு வருடம் என்றேன். "அப்போ அவ போன் பண்றப்பெல்லாம் என் கையில குடுத்துட்டு எழுந்து போனீங்களே?" என்றாள்.

சொல்லாமல் அவ்வளவு தூரம் வேலைக்குப் போய்விட்டாய் என்று எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை என அவள் நினைத்திருக்கிறாள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். முதல் இரண்டு வாரம் கோபம்தான் பாப்பா. அதன் பிறகு காது. நீ அழும்போது புரியாமல் சிரித்து வைப்பேனோ என்று பயம், கோபக்காரன் என்ற பெயரே தேவலை என்று இருந்துவிட்டேன். நேற்று காதுக்கு மெஷின் மாட்டிவிட்டார்கள். நம் ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, சொல்லியும் இருக்கலாம்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான்தான் எடுப்பேன். கத்த வேண்டாம். அந்த ஊரில் போய் இறங்கிய நாளிலிருந்து சொல்லு, எனக்கு எதுவும் தெரியாது.

இப்படிக்கு,
உன் அப்பா