பிரெஞ்சுப் படத்தின் கடைசி வரி

ஞாயிறு, இரவு.

படத்தில் அலமாரிக் கதவு தானாகத் திறந்ததும் "ஐயோ" என்று கத்தி, மோரை வேட்டியில் கவிழ்த்துக்கொண்டேன். எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்கக் கேட்டிருக்கும். மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்னாச்சு சார்?" என்று விசாரித்தார். எனக்கு வயது ஐம்பத்தாறு.

பிரெஞ்சுப் படம். மகள் செல்வி வேலைக்குப் போகிற நாடு, புதன்கிழமை விமானம். "ஊரு எப்படி இருக்கும்னு பாருங்கப்பா" என்று அவள்தான் போட்டாள். கீழே ஓடும் இங்கிலீஷை நான் பாதி படிப்பதற்குள் மறைந்துவிடும். அதனால் அவளே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். போலீஸ் தேடும் பெண், ரயிலடியிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்கிறாள். "சீக்கிரம் வந்துடுவேன்பா" என்றாள் செல்வி. அதோடு படம் முடிந்தது.

"கொலை பண்ணது யாருன்னே சொல்லல. இதுக்கா ரெண்டு மணி நேரம்?" என்றாள் என் மனைவி.

"அதாம்மா இதுல அழகு. நாமளே யோசிக்கணும்."

"நான் எதுக்குடி யோசிக்கணும்? எடுத்தவன் யோசிக்கட்டும். என்னாங்க, நீங்க சொல்லுங்க."

"முடிவு நல்லாத்தான் இருக்கு. பொண்ணு திரும்பி வந்துடுவேன்னு சொல்லிட்டாளே" என்றேன். செல்வி ரிமோட்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

மூன்று தரம் எழுந்து தண்ணீர் குடித்தாயிற்று. தூக்கம் வரவில்லை. அந்தக் கடைசி வரி சின்னது. திரையில் வெகுநேரம் நின்றது. இங்கிலீஷில் இனி வரமாட்டேன் என்றுதான் இருந்தது.

படத்திலேயே நான் முழுசாகப் படித்தது அந்த ஒரு வரிதான். வேறு நாளாக இருந்தால் தெருவெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருப்பேன். செல்வியிடம் சொல்லவில்லை.