உன் மகளின் முகத்தை வெளுத்துவிட்டார்கள்

அடியே, பேனர் மையின் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. நேற்று புக்கிட் பெருந்துங்கில் உன் மகளுக்குப் பிறந்தநாள். நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் பிறந்தநாள் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு அவள் படம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோதுமை மாவை அப்பியதுபோல முகம் வெளுத்திருந்தது. காதும் கழுத்தும் மட்டும் அவளுடைய நிறத்தில் இருந்தன. வெளுக்கத் துணிந்தவனுக்குக் காது வரைக்கும் போக நேரமில்லை போலிருக்கிறது!

அது நான் எடுத்துக் கொடுத்த படம். போன வாரம்தான் ஜெராம் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் எடுத்தேன். நாம் இருவரும் தொழில் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ பிள்ளைகளை நிறுத்திய இடம். உச்சி வெயிலில் நிறுத்தினால் பிள்ளைக்குக் கண் சுருங்கும், கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும் என்று நீ யாருக்கும் மசியமாட்டாய். "வெயில் தாழட்டும்லா, பிள்ளை எங்கயும் ஓடிப் போயிடாது" என்பாய். நிழலின் விளிம்பில் நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்புவாய். சுங்கை செம்பிலாங் மீன்காரரிடம் வாங்கிய வெள்ளை மீன்பெட்டி மூடியை என் கையில் கொடுத்து, வெளிச்சத்தைக் கன்னத்தின் மேல் திருப்பச் சொல்வாய். அந்த நாற்றத்தில் நான் முகம் சுளிப்பதைப் பார்த்தே பிள்ளைகள் சிரித்துவிடும்.

எடிட்டிங்கில் உனக்கு ஒரே பேச்சுதான். செம்பனை ஓலையில் பட்டு வரும் வெளிச்சம் பிள்ளைகளின் கன்னத்தில் பச்சை பூசிவிடும். "பச்சைய எடுடி, கறுப்பத் தொடாத" என்பாய். கொசுக்கடியைத் துடைப்பாய், கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவாய், அதோடு கையை எடுத்துவிடுவாய். பிள்ளையை வெள்ளையாக்கித் தரச் சொன்ன ஓர் அம்மாவிடம், "அப்ப வெள்ளைக்காரப் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க, எடுத்துத் தர்றேன்" என்று சொன்னாயே! அவர் படத்தை வாங்காமலே போய்விட்டார். நீ சட்டை செய்யவில்லை.

நேற்று உன் நாத்தனாரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"யாருக்கா இந்த வேலயப் பாத்தது?"

"கடையில குடுத்து எடிட் பண்ணுனோம்லா. அவ அம்மா மாதிரியே கறுப்பு, என்ன பவுடர் போட்டாலும் எடுபடல. பேனர்ல பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

அம்மா மாதிரியாம்! அதைக் குறையாகச் சொல்கிறார். அந்தப் பிள்ளையிடம் உன்னுடையது என்று மிச்சம் இருப்பதே அந்த முகம்தான், அதைப் போய் அழித்து வைத்திருக்கிறார்கள். உன் கணவர் பக்கத்திலேயே நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை.

அப்போது உன் மகள் என் துப்பட்டாவை இழுத்தாள்.

"ஆன்ட்டி, நான் பெருசானா இப்படி வெள்ளையா வந்துருவேனா?"

ஆசையாகக் கேட்டாள். கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். மழை ஓய்ந்த சாயங்காலம், வானம் முழுக்க மெல்லிய வெளிச்சம். நீ இருந்திருந்தால் துள்ளியிருப்பாய். கார்கள் நிற்கும் இடத்தில் நிறுத்தி எடுத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அச்சு அசலாக நீதான். திரையைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நல்லா இல்ல ஆன்ட்டி. அத்தை செஞ்சதுதான் அழகு."

உன் முகத்தை உன் மகளுக்கே பிடிக்காமல் செய்துவிட்டார்கள்டி. உன் நாத்தனார் இனி என்னை எதற்கும் கூப்பிடமாட்டார். கூப்பிடாவிட்டால் போகட்டும். உன் கணவரிடம் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டேன், சனிக்கிழமைதோறும் பிள்ளையை நான் வெளியே கூட்டிப்போவேன் என்று. அவர் தலையாட்டினார். நீ எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம்தான், அதை ஆறவிடமாட்டேன். போகும் இடத்திலெல்லாம் படம் எடுப்பேன், காட்டுவேன். நல்லா இல்லை என்பாள். மறுபடியும் எடுப்பேன்.